கவனம் எப்படி வேலை செய்யுது? மூளை ஒண்ணை எடுத்து மத்ததை விடுறது பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

"காதுல விழலப்பா", "சத்தியமா நான் பாக்கலைங்க". இந்த ரெண்டையும் வீட்லயும் சரி ஆபீஸ்லயும் சரி யாரும் நம்புறதே இல்ல, பொய் சொல்றான் இல்லன்னா அலட்சியம்னு முடிவு பண்ணிடுறாங்க. ஆனா எழுபது வருஷத்துக்கு மேல நடந்த ஆராய்ச்சியில திரும்பத் திரும்பத் தெரிய வந்தது என்னன்னா, காது நல்லா இருந்தும் கேக்காம போறதும், கண்ணு நேரா பாத்தும் தெரியாம போறதும் நெஜமாவே நடக்குது, எல்லாருக்கும் நடக்குது. அதைப் பத்தி வர்ற கேள்விகளை ஒரே இடத்துல எழுதி வச்சிருக்கேன்.

செலக்டிவ் அட்டென்ஷன்னா என்ன, சுருக்கமா?

கண்ணு, காது, தோல்னு எல்லா வழியாவும் ஒரே நேரத்துல வர்ற தகவல்ல இருந்து இப்போதைக்கு வேணுங்கறதை மட்டும் எடுத்து மூளை முழுசா வேலை பாக்குறது, மீதியை அமுக்கி வைக்கிறது. முதல் பாதியை எல்லாரும் ஞாபகம் வச்சிக்கிறாங்க, அமுக்குறதுங்கற ரெண்டாவது பாதியை மறந்துடுறாங்க. கீழ வர்ற பதில்கள் பாதிக்கு மேல அதைப் பத்திதான்.

மூளைக்கு அவ்ளோ சக்தி இருக்கே, ஏன் எல்லாத்தையும் எடுத்துக்கக் கூடாது?

கண்ணுலயே கணக்கு ஆரம்பிச்சிடுது. ஒரு கண்ணோட விழித்திரையில ஒளியைப் புடிக்கிற செல்கள் 12 கோடிக்கு மேல, ஆனா அங்கருந்து மூளைக்குப் போற பார்வை நரம்புல இருக்கிற இழைகள் சுமார் 10 லட்சம்தான். அதுலயும் கூர்மையா பாக்குறது நடுவுல இருக்கிற சின்ன இடம் மட்டும், கையை நேரா நீட்டி கட்டைவிரல் நகத்தைப் பாத்தா எவ்ளோ இடம் தெரியுமோ கிட்டத்தட்ட அவ்ளோ. மீதி எல்லாமே மங்கல், நாம நொடிக்கு மூணு தடவை போல கண்ணை நகத்தி நகத்திப் பாக்குறதால முழு அறையும் தெளிவா தெரியுற மாதிரி தோணுது.

சரி, அதெல்லாம் தாண்டி மூளைக்குள்ள வந்தாலும் இன்னொரு சிக்கல் இருக்கு, ஒரே நரம்பு செல்லுக்கு ரெண்டு மூணு பொருளோட தகவல் ஒண்ணா வந்து சேரும். அது எதைப் பத்தி மேல அனுப்புறதுன்னு ஒரு போட்டி நடக்கும். ராபர்ட் டெசிமோனும் ஜான் டங்கனும் 1995ல சொன்ன கருத்து இதுதான், கவனம்ங்கறது அந்தப் போட்டியில ஒரு பக்கத்துக்கு மூளை குடுக்குற சாய்வு. எனக்குப் படிச்சதுலயே ரொம்ப நியாயமாப் பட்ட விளக்கம் இது.

கல்யாண மண்டபத்துல மேளம், நாதஸ்வரம், நூறு பேர் பேச்சு, அதுக்கு நடுவுல பக்கத்துல இருக்கிறவர் பேசுறது மட்டும் எப்படி புரியுது?

இதே கேள்வியைத்தான் காலின் செர்ரிங்கற பிரிட்டிஷ் விஞ்ஞானி அமெரிக்காவுல எம்ஐடில இருந்தப்போ எடுத்துக்கிட்டார், 1953ல அந்தக் கட்டுரை வந்தது. அவர் பண்ண சோதனை ரொம்ப எளிமையானது. ஒருத்தர் தலையில ஹெட்போன் மாட்டி, வலது காதுல ஒரு பேச்சு, இடது காதுல வேற ஒரு பேச்சு. வலது காதுல வர்றதை வார்த்தைக்கு வார்த்தை உடனுக்குடன் வாயால திருப்பிச் சொல்லிக்கிட்டே வரணும். ஜனங்க அதை நல்லாவே பண்ணாங்க.

அப்புறம் இடது காதுல என்ன ஓடுச்சுன்னு கேட்டா, யாரோ பேசுனாங்க, அவ்ளோதான். ஆம்பளைக் குரல் நடுவுல பொம்பளைக் குரலா மாறுனது தெரிஞ்சுது, வெறும் பீப் சத்தமா மாறுனதும் தெரிஞ்சுது. ஆனா இங்கிலீஷ் நடுவுல ஜெர்மன் ஆனது தெரியல, என்ன சொன்னாங்கன்னு ஒரு வாக்கியம் கூட சொல்ல முடியல. அதாவது சத்தத்தோட தன்மை உள்ள போகுது, அர்த்தம் போகல.

குரலைப் பிரிச்செடுக்க மூளை வழக்கமா பயன்படுத்துறது ரெண்டு மூணு விஷயம், சத்தம் எந்தத் திசையில இருந்து வருது (ரெண்டு காதுக்கும் வந்து சேர்ற நேரத்துல இருக்கிற துளி வித்தியாசத்தை வச்சு), குரலோட சுருதி, அப்புறம் உதடு அசையறது. வயசானவங்க, ஒரு காது மட்டும் கேக்குறவங்க கூட்டத்துல பேச்சு புரியலன்னு சொல்றது இதனாலதான், தனியா ரூம்ல பேசுனா அவங்களுக்கு நல்லாவே புரியும். அவங்ககிட்ட கத்திப் பேசுறதை விட முகத்துக்கு நேரா வந்து பேசுறது நல்லா உதவும்.

அப்போ கவனிக்காத சத்தம் முழுசா வெளியவே நின்னுடுதா? என் பேரை யாராவது சொன்னா மட்டும் டக்குன்னு கேக்குதே?

இங்கதான் பெரிய சண்டையே நடந்துச்சு. கேம்பிரிட்ஜ்ல இருந்த டொனால்ட் பிராட்பென்ட் 1958ல சொன்னது, ஆரம்பத்துலயே ஒரு வடிகட்டி இருக்கு, அர்த்தம் பாக்குறதுக்கு முன்னாடியே வேண்டாததைத் தடுத்துடுதுன்னு. அடுத்த வருஷமே நெவில் மோரே அதே ஹெட்போன் சோதனையில கவனிக்காத காதுல அந்த ஆளோட பேரையே சொல்ல வச்சுப் பாத்தார், மூணுல ஒருத்தருக்குக் கேட்டுச்சு. வடிகட்டி முழுசா தடுக்குதுன்னா இது எப்படி நடக்கும்?

ஆன் ட்ரீஸ்மன் குடுத்த பதில்தான் இன்னைக்கு வரைக்கும் நிக்குது. வடிகட்டி தடுக்கல, ரேடியோவுல வால்யூமைக் குறைச்ச மாதிரி வலுவைக் குறைக்குது. நம்ம பேரு, நம்ம குழந்தை அழுகை, "தீ" மாதிரி சில விஷயங்களுக்கு மூளை எப்பவுமே கொஞ்சம் தயாரா இருக்கிறதால அந்தக் குறைஞ்ச வால்யூம்லயே அது எட்டிடுது.

ஒரு சுவாரசியமான விஷயம், இந்த "என் பேரு மட்டும் கேக்கும்" எல்லாருக்கும் நடக்கும்னு நெனைக்கிறோம், நடக்குறது இல்ல. மூணுல ரெண்டு பேருக்குக் கேக்கவே இல்ல. 2001ல ஆண்ட்ரூ கான்வேயும் கூட இருந்தவங்களும் இன்னும் நோண்டிப் பாத்தாங்க, ஒர்க்கிங் மெமரி (ஒரு வேலை செய்யும்போது அதுக்கு வேணுங்கறதை மனசுல பிடிச்சு வச்சிருக்கிற திறன்) கம்மியா இருக்கிற குரூப்ல 65 சதவீதம் பேருக்குத் தன் பேரு கேட்டுச்சு, அதிகமா இருக்கிற குரூப்ல 20 சதவீதம் பேருக்குத்தான். அதாவது கூப்பிட்டும் திரும்பாதவர் பல நேரம் செய்யற வேலையில நல்லா ஊன்றி இருக்கிறவர். கூப்பிட்ட உடனே திரும்பலன்னா திமிர்னு நெனைக்கிற மேனேஜர்கள் எல்லாம் இதைத் தெரிஞ்சுக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை.

இது காதுல நடக்குதா மூளையிலயா?

பெரும்பாலும் மூளையில. காதுக்குள்ள ரெண்டு பேர் குரலும் கலந்துதான் போகுது. 2012ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல சான் ஃபிரான்சிஸ்கோவுல நிமா மெஸ்கரானியும் எட்வர்ட் சாங்கும், வலிப்பு நோய் ஆபரேஷனுக்காக மூளை மேல எலெக்ட்ரோடு வச்சிருந்த நோயாளிகள் மூணு பேர்கிட்ட, ஒரே நேரத்துல ரெண்டு குரலைப் போட்டுக் காட்டுனாங்க. ரெண்டுல ஒண்ணைத்தான் கவனிக்கணும். செவிப் பகுதியில பதிவான மின்சாரத்தை மட்டும் வச்சு கம்ப்யூட்டர்ல அந்தச் சத்தத்தைத் திரும்பக் கட்டிப் பாத்தா, கவனிச்ச குரல் ஒண்ணு தனியா பேசுன மாதிரி வந்துச்சு. உள்ள போனது கலவை, செவிப் பகுதியில இருந்தது கிட்டத்தட்ட ஒரே ஆள்.

எவ்ளோ சீக்கிரம் நடக்குதுன்னா, 1973லயே ஸ்டீவன் ஹில்யார்ட் இஇஜி (தலை மேல ஒட்டி மூளையோட மின்சாரத்தை அளக்குறது) வச்சுக் காட்டிட்டார், சத்தம் வந்து 0.1 நொடிக்குள்ளேயே கவனிச்ச காதோட சிக்னல் பெருசாவும் கவனிக்காத காதோடது சின்னதாவும் மாறிடுது. நாம யோசிச்சு முடிவெடுக்குறதுக்கெல்லாம் முன்னாடி.

மூளையில எந்த இடம் இதைப் பண்ணுது?

ஒரே இடம்னு கிடையாது. மௌரிஸியோ கார்பெட்டாவும் கார்டன் ஷுல்மனும் 2002ல ரெண்டு கூட்டணியா பிரிச்சாங்க. ஒண்ணு மேல்பக்கமா ஓடுறது, நெத்திப் பகுதியில கண்ணை நகத்துறதுக்கான இடமும் உச்சந்தலைக்குக் கீழ பரைட்டல் பகுதியும் சேர்ந்தது, நாமளா ஒண்ணைத் தேடும்போது (கூட்டத்துல அம்மாவோட பச்சைப் புடவையைத் தேடுற மாதிரி) இது வேலை செய்யும். இன்னொண்ணு கொஞ்சம் கீழ, பெரும்பாலும் வலது பக்கம், எதிர்பாராம பட்டாசு வெடிச்சா, யாரோ தோளைத் தொட்டா செய்யற வேலையை வெட்டிட்டுத் திருப்பி விடுறது இது. நடுவுல, வர்ற தகவலை மேல கடத்தி விடுற தாலமஸ், எவ்ளோ விழிப்பா இருக்கோம்ங்கறதை ஏத்தி இறக்குற நார்அட்ரினலின், அசிட்டைல்கோலின்ங்கற ரசாயனங்கள், இப்படி இன்னும் நெறைய இருக்கு.

ஒரு செல் அளவுல என்ன நடக்குதுன்னு ஜெஃப்ரி மோரனும் டெசிமோனும் 1985ல குரங்குகள்ல காட்டுனது எனக்கு ரொம்பப் புடிச்ச சோதனை. பார்வைப் பகுதியில சிவப்புக்கு நல்லா துடிக்கிற (அதாவது வேகமா மின் சிக்னல் அனுப்புற) ஒரு செல்லை எடுத்துக்கோங்க. அந்த செல் பாக்குற இடத்துக்குள்ளயே சிவப்பு ஒண்ணு, பச்சை ஒண்ணு. குரங்கு சிவப்பைக் கவனிச்சா செல் நல்லா துடிக்குது. பச்சையைக் கவனின்னு சொன்னா, சிவப்பு அங்கயேதான் இருக்கு, கண்ணு நகரவே இல்ல, ஆனா செல்லோட துடிப்பு சட்டுனு விழுந்துடுது. அந்த செல்லைப் பொறுத்தவரைக்கும் சிவப்பு கிட்டத்தட்ட இல்லாமப் போச்சு. 2003ல டிரின் மோரும் கேத்தரின் ஆர்ம்ஸ்ட்ராங்கும் நெத்திப் பகுதியில, கண்ணு நகராத அளவுக்கு மெல்லிசா மின்சாரம் குடுத்தாங்க, பின்னாடி பார்வைப் பகுதியில அந்த இடத்துக்கான செல்களோட துடிப்பு ஏறுச்சு. மேல இருந்து கீழ உத்தரவு போகுதுங்கறதுக்கு இதை விட நேரான ஆதாரம் வேணாம்.

கண்ணு முன்னாடி இருக்கிறது எப்படிங்க தெரியாம போகும்? நம்ப முடியல.

நம்ப முடியாததால தான் டேனியல் சைமன்ஸும் கிறிஸ்டோஃபர் சாப்ரிஸும் 1999ல ஹார்வர்ட்ல பண்ண வீடியோ இவ்ளோ பேர் வாங்குச்சு. வெள்ளைச் சட்டை டீம் எத்தனை தடவை பந்தை பாஸ் பண்றாங்கன்னு எண்ணணும். நடுவுல கொரில்லா வேஷம் போட்ட ஒருத்தர் நிதானமா நடந்து வந்து போறார். பாத்தவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது தெரியவே இல்ல.

சும்மா காலேஜ் பசங்கதானேன்னு சொல்றவங்களுக்கு 2013ல டிராஃப்டன் ட்ரூ, மெலிஸ்ஸா வோ, ஜெரமி வுல்ஃப் மூணு பேரும் பண்ணது. ரேடியாலஜிஸ்ட் 24 பேர்கிட்ட நுரையீரல் சிடி ஸ்கேன் குடுத்து, கேன்சர் கட்டியா இருக்கக்கூடிய சின்னச் சின்ன புள்ளிகளைத் தேடச் சொன்னாங்க. கடைசி ஸ்கேன்ல ஒரு கொரில்லா படத்தை ஒட்டி வச்சிருந்தாங்க, வழக்கமான கட்டியை விட 48 மடங்கு பெருசு. 20 பேருக்குத் தெரியல. கண்ணு எங்க போகுதுன்னு பதிவு பண்ற கருவியும் வச்சிருந்தாங்க, அந்த 20 பேர்ல பாதிக்கும் மேல அந்தக் கொரில்லாவை நேராவே பாத்திருக்காங்க. வெள்ளைப் புள்ளியைத் தேடிக்கிட்டிருந்த மூளைக்குக் கருப்பா இருந்த உருவம் தேவையில்லாதது, அமுக்கிடுச்சு.

ரோட்ல திரும்பும்போது "பாத்துட்டுதான் திரும்புனேன், பைக் வந்ததே தெரியல"ன்னு கார்காரர் சொல்றதும் இதே வகைதான், விபத்து ஆராய்ச்சியில "பாத்தும் காணாதது"ன்னு தனியாவே கணக்கெடுக்குறாங்க. கார் வருதான்னு தேடுற கண்ணுக்கு பைக் அமுங்கிடுது. அவர் மேல தப்பே இல்லன்னு சொல்ல வரல, ஆனா பைக்ல போறவங்க "அவர் என்னைப் பாத்துட்டார்"னு நம்பி போகாதீங்க, தயவு செஞ்சு.

ப்ளூடூத்ல பேசிக்கிட்டே வண்டி ஓட்டுனா பரவால்லையா? கை ஃப்ரீயா தானே இருக்கு?

பரவால்லன்னு சொல்ல முடியாது. 2001ல யூட்டா பல்கலைக்கழகத்துல டேவிட் ஸ்ட்ரேயரும் வில்லியம் ஜான்ஸ்டனும் பாத்தப்போ, போனைக் கையில புடிச்சிருந்தாலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயா இருந்தாலும் ஒரே அளவுக்குத்தான் கெட்டுச்சு, சிக்னல் தவறவிட்டது இரண்டு மடங்குக்கு மேல, பிரேக் போடுறதும் லேட். சும்மா ரேடியோ கேட்டவங்களுக்கு அப்படி ஆகல. பிரச்சினை கையில இல்ல, பேச்சுல. பக்கத்து சீட்ல இருக்கிறவர் ரோடு நெருக்கடியானா தானா வாயை மூடிடுவார், போன்ல இருக்கிறவருக்கு லாரி குறுக்க வந்தது தெரியாது.

மல்டிடாஸ்கிங் பண்ண முடியாதுன்னா, ஒரே நேரத்துல நூறு விஷயத்தைக் கவனிச்சுப் பதில் சொல்ற சதாவதானிகள் எப்படி பண்ணாங்க?

நல்ல கேள்வி, பெருமையா பதில் சொல்லலாம். நாகர்கோவில் இடலாக்குடியில பொறந்த செய்குத்தம்பி பாவலர் 1907ல சென்னை விக்டோரியா ஹால்ல சதாவதானம் பண்ணிக் காட்டுனவர். அவதானத்துல ஒருத்தர் ஈற்றடி குடுத்து வெண்பா கேப்பார், ஒருத்தர் கணக்கு போடுவார், முதுகுல விழுற கல்லை எண்ணணும், மணி எத்தனை தடவை அடிச்சுதுன்னு சொல்லணும், நடுநடுவுல எல்லாரும் குறுக்கக் கேள்வி.

அவர் மூளையை அளந்து பாக்க அன்னைக்குக் கருவி இல்ல. ஆனா மத்த ஆராய்ச்சிகளை வச்சுப் பாத்தா ரெண்டு விஷயம் சேருது. ஒண்ணு, பல வருஷப் பயிற்சியில ஒரு திறமை தானா ஓட ஆரம்பிச்சா அதுக்குக் கவனமே அதிகம் தேவைப்படாது. 1976ல எலிசபெத் ஸ்பெல்கி, வில்லியம் ஹர்ஸ்ட், உல்ரிக் நைஸர் மூணு பேரும் ரெண்டு மாணவர்களுக்குப் பல வாரம் பயிற்சி குடுத்தாங்க, கதை படிச்சுக்கிட்டே இன்னொருத்தர் சொல்ற வார்த்தைகளைக் கையால எழுதணும். ஆரம்பத்துல ரெண்டும் கெட்டுச்சு, போகப் போக படிக்கிற வேகமும் புரியறதும் பழையபடி வந்துடுச்சு. வெண்பா யாப்பு ரத்தத்துல ஊறினவருக்கு தளை தட்டாம எழுதுறது அப்படித்தான். ரெண்டாவது, ஒவ்வொண்ணையும் எந்த இடத்துல விட்டோமோ அந்த இடத்தை நினைவுல வச்சிட்டு, மாத்தி மாத்தி வந்து எடுக்குற அபாரமான நினைவாற்றல்.

நாம மெயில் எழுதிக்கிட்டே மீட்டிங் கேக்குறது இந்த வகை இல்ல. ரெண்டுக்குமே மொழி வேணும், ரெண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும், ஒவ்வொரு தாவலுக்கும் நேரமும் தப்பும் கூடும்.

பாட்டு கேட்டுக்கிட்டே படிக்கலாமா?

வரி இருக்கிற பாட்டு, அதுவும் உங்களுக்குப் புரியற மொழியில, படிக்கிறதுக்குக் கெடுதல். கணக்கு போட, படம் வரைய அவ்ளோ பாதிக்காது. வீணை, புல்லாங்குழல் மாதிரி வரி இல்லாததுன்னா பெரும்பாலும் பரவால்ல.

மனுஷன் கவனம் 8 நொடியாம், தங்கமீன விட கம்மின்னு சொல்றாங்களே?

அதுக்கு ஆதாரமே கிடையாது, ஃபார்வர்ட் பண்ணாதீங்க. கவனம் எவ்ளோ நேரம் நிக்கும்ங்கறது என்ன வேலைங்கறதைப் பொறுத்தது. நார்மன் மேக்வொர்த் 1948ல பிரிட்டிஷ் விமானப்படை ராடார் வேலைக்காக ஒரு சோதனை பண்ணார், ஒரு முள் சீரா நகரும், எப்பவாவது ஒரு தடவை இரட்டையா குதிக்கும், அதைச் சொல்லணும். அரை மணி நேரத்துலயே தவறவிடுறது கூடிடுச்சு. எதுவுமே நடக்காத ஒண்ணையே பாத்துக்கிட்டிருக்கிற வேலைதான் மூளைக்கு ரொம்பக் கஷ்டம். ராத்திரி ஐசியு மானிட்டர் பாக்குற நர்ஸ், கேட்ல நிக்கிற செக்யூரிட்டி இவங்களுக்கெல்லாம் மாத்தி மாத்தி ஓய்வு குடுக்காம "கவனமா இரு"ன்னு மட்டும் சொல்றது பிரயோஜனமே இல்லாதது.

பையன் டிவி, கேம்னு உக்காந்தா நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்புறதில்ல. வேணும்னே பண்றானா?

பல நேரம் இல்ல. லண்டன்ல நில்லி லவி 1995ல இருந்து காட்டிக்கிட்டு வர்றது, கண்ணுக்குக் குடுத்த வேலை எவ்ளோ நிரம்பி இருக்கோ அவ்ளோக்கு மத்ததுக்கு மிச்சம் இருக்காது. 2011ல அவரும் ஜேம்ஸ் மெக்டொனால்டும் சோதிச்சப்போ, கஷ்டமான பார்வை வேலை குடுத்தா பெரியவங்களுக்கே ஹெட்போன்ல வந்த சத்தம் கேக்கல. பசங்களுக்கு, கவனத்தை வேற பக்கம் திருப்பி விடுற நெத்திப் பகுதி மூளை இருபது வயசைத் தாண்டியும் வளர்ந்துக்கிட்டிருக்கு. சமையல்கட்டுல இருந்து கத்தாம, பக்கத்துல போய் தோளைத் தொட்டு, முகம் திரும்புனதும் சொல்லுங்க. அப்படியும் கேக்கலன்னா அப்புறம் திட்டலாம். எல்லா நேரமும், அமைதியான இடத்துலயும் கேக்கலன்னா மட்டும் ஒரு தடவை காது டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

இது ஏடிஎச்டியா (கவனக்குறைவும் துறுதுறுப்பும் இருக்கிற பிரச்சினை) இருக்குமா?

கேம்ல மூணு மணி நேரம் உக்காருறான், அதனால ஏடிஎச்டி இல்லன்னு சொல்றது தப்பு. ஏடிஎச்டியில கவனம் இல்லாம இல்ல, எங்க வைக்கிறது எப்போ எடுக்குறதுன்னு திருப்புறதுலதான் சிரமம். வீடு, பள்ளிக்கூடம்னு ஒண்ணுக்கு மேற்பட்ட இடத்துல, ஆறு மாசத்துக்கு மேல, 12 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு இருந்தா மனநல மருத்துவரைப் பாருங்க. மருந்தும் பயிற்சியும் நல்லா உதவுது.

கவனத்தைக் கூட்டுற ஆப் எல்லாம் வேலை செய்யுமா?

அந்த கேம்ல ஸ்கோர் கூடும், வாழ்க்கையில கூடுறதுக்கு வலுவான ஆதாரம் இல்ல. 2016ல லுமாசிட்டிங்கற கம்பெனி, விளம்பரத்துல அதிகமா சொன்னதுக்காக அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 20 லட்சம் டாலர் கட்டி முடிச்சுக்கிச்சு. தூக்கமும், நோட்டிஃபிகேஷனை அணைக்கிறதும் காசில்லாம கெடைக்குது.

அப்பாவுக்கு பக்கவாதம் வந்ததுல இருந்து தட்டுல வலது பக்கம் இருக்கிற சோறை மட்டும் சாப்பிட்டுட்டு "இன்னும் போடு"ங்கறார். இடது பக்கம் அப்படியே இருக்கு. கண்ணு போயிடுச்சா?

கண்ணா இருக்கலாம், அதை டாக்டர் சோதிக்கணும். ஆனா நீங்க சொல்றதைப் பாத்தா வலது மூளையில பரைட்டல் பக்கம் அடிபட்டு வர்ற "புறக்கணிப்பு" மாதிரி இருக்கு. இதுல கண்ணு நல்லா இருந்தாலும் இடது பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே அவர் கவனத்துக்கு வராது. பாதி முகம் மட்டும் ஷேவ் பண்ணுவாங்க, வலது கையை மட்டும் சட்டையில விடுவாங்க.

1978ல இத்தாலியில எட்வார்டோ பிஸியாக்கும் கிளாடியோ லுஸ்ஸாட்டியும் இப்படிப்பட்ட ரெண்டு பேர்கிட்ட மிலன் நகரத்துக் கதீட்ரல் சதுக்கத்தை மனசுல நெனைச்சுச் சொல்லச் சொன்னாங்க. கதீட்ரலைப் பாத்து நிக்கிறதா நெனைச்சா வலது பக்கக் கட்டடங்களை மட்டும் சொன்னாங்க. இப்போ கதீட்ரல் வாசல்ல இருந்து இந்தப் பக்கம் பாக்குறதா நெனைங்கன்னு சொன்னதும், முன்னாடி விட்ட கட்டடங்களை எல்லாம் சொன்னாங்க, முன்னாடி சொன்னதை விட்டுட்டாங்க. நினைவுல எல்லாமே இருந்துச்சு, இடது பக்கம் மட்டும் கைக்கு வரல.

அதனால "கண்ணு முன்னாடி இருக்கே, தெரியலையா"ன்னு கேக்காதீங்க, அவரும் பதில் தெரியாம தவிப்பார். தட்டை சாப்பாட்டு நடுவுல ஒரு தடவை திருப்பி வச்சா மீதியைச் சாப்பிட்டுடுவார். தண்ணி, கூப்பிடுற மணி, மாத்திரை எல்லாம் வலது கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும். பேப்பர் படிச்சா இடது ஓரத்துல பட்டையா ஒரு சிவப்புக் கோடு போட்டு, அந்தக் கோடு தெரியுற வரைக்கும் தலையைத் திருப்பிட்டு அப்புறம் படிக்கச் சொல்லுங்க, அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இதையும் இன்னும் சில பயிற்சிகளையும் சொல்லிக் குடுப்பாங்க, முதல் சில மாசத்துல நெறைய பேருக்கு நல்லாவே தேறுது. அது வரைக்கும் தனியா ரோடு தாண்ட விடாதீங்க, வீல்சேர்ல உக்கார வைக்கும்போது இடது கை சக்கரத்துப் பக்கம் தொங்குதான்னு நீங்க பாத்து எடுத்து மடியில வச்சிடுங்க.